வாழைக்கன்று கட்டிய சைக்கிள்

1

இன்றைக்கு ஆயுத பூஜை. என் சைக்கிள் குளித்து முழுகி, சந்தனமும் குங்குமமுமாகச் சுவரோரம் நிற்கிறது. செவ்வந்திக்கு இந்தத் தீவில் எங்கே போவது? செம்பருத்தியைக் கட்டி ஹேண்டில்பாரில் போட்டிருக்கிறேன். பூஜைக்கு எதெது இல்லாவிட்டால் தோஷம் என்று ஊரில் சொல்லித் தந்தார்களோ, அதில் பாதி அந்தமானில் கிடைக்காது. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. கப்பலில் நாள் கணக்காக வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்களிடம் சாமிக்கும் கொஞ்சம் இரக்கம் இருக்கும் போல.

கோவில்பட்டியில் என் சித்தியும் அத்தைமாரும் அடுத்த வீட்டு அக்காவும் இதை வாசித்துவிட்டு வாயில் கை வைப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆமாம் அக்கா, நான் சைக்கிள் ஓட்டுகிறேன். சேலை கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். காட்டுப் பாதையில் ஓட்டுகிறேன். விழுந்தும் இருக்கிறேன். போதுமா?

சற்று முன்னால் இரண்டு வாழைக்கன்றுகளை ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் மல்லிகா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். ஏழு வயதுக்கு அந்த இடுப்புக் கை கொஞ்சம் அதிகம்தான்.

"சைக்கிளுக்கு ரெண்டு ஆச்சு. சம்பாவுக்கு எங்கம்மா?" என்றாள்.

அவ்வளவுதான். கையில் இருந்த சணலைப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டேன். போன வருஷம் இதே பூஜைக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சுண்டல் இறங்காது.

2

சம்பா ஒரு யானை. மரம் இழுக்கிற அரசாங்க யானை. கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு நம்பர் உண்டு, ரேஷன் உண்டு, காய்ச்சல் வந்தால் டாக்டர் உண்டு, வயதானால் ஓய்வும் உண்டு. நான் டெம்பரரி டீச்சர், சம்பா பெர்மனென்ட். ரோட்டில் அவளைக் கண்டால் நான் ஒதுங்கி நிற்பதில் நியாயம் இருக்கிறதா இல்லையா?

எங்கள் குவார்ட்டர்ஸ் பெரார்கஞ்சில், மரக் கிடங்குக்குப் பின்னால். இவர், என் வீட்டுக்காரர், அங்கேதான் ஸ்டோர் கிளார்க். என் பள்ளிக்கூடம் வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், புதுக் குடியிருப்பில். நடுவில் இருப்பது மரம் இழுத்து இழுத்து விழுந்த ஒரு தடம். ரோடு என்று அதைச் சொன்னால் ரோடு வருத்தப்படும். ஆனால் எல்லோருக்கும் அந்த ஒரு தடம்தான். வங்காளிக் குடியேறிகளின் மாடு, தலைச்சுமைப் பெண்கள், கேன் கட்டிய சைக்கிளில் பால்காரர் கோயா, கல்லுடைக்கப் போகிற ராமநாதபுரத்து ஆட்கள், அப்புறம் நான், அப்புறம் யானைகள்.

யாரும் எழுதி வைக்காத சட்டம் அந்தப் பாதைக்கு உண்டு. மேடேறி வருகிறவருக்கு இறங்கி வருகிறவர் வழிவிட வேண்டும். மாடு குறுக்கே படுத்திருந்தால் எழுப்பக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். யானை வந்தால் மணி அடிக்கவே கூடாது. இறங்கி, மேட்டுப் பக்கமாக ஒதுங்கி, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள் என்று ஆளுக்கொரு பாஷை பேசினாலும் இந்தச் சட்டத்தை மீறி நான் யாரையும் பார்த்ததில்லை.

சைக்கிள் வருவதற்கு முன் நான் இந்தப் பாதையில் நடந்தேன். மழைக்காலத்தில் இங்கே நடப்பது என்றால் அட்டைக்குச் சோறு போடுவது என்று அர்த்தம். கணுக்காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போவேன். அப்படியும் பள்ளிக்கூட வாசலில் நின்று முதல் வேலையாக அட்டை பிடுங்குவேன், இரண்டாவது வேலைதான் அட்டெண்டன்ஸ். சைக்கிளில் ஏறிய பிறகு அட்டைகள் பட்டினி. வயலோரம் ஓர் இறக்கம் இருக்கிறது. அங்கே பெடலை விட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, மழை ஈரக் காற்று முகத்தில் அடிக்க இறங்கினால், ஆத்தாடி! இத்தனை வயதுக்கு அப்புறம் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கென்று இந்தத் தீவில் காத்திருந்ததா என்று தினமும் நினைக்கிறேன்.

3

ஊரில் எங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தது. அண்ணனுடையது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைத் துடைப்பது என் வேலை. தேங்காயெண்ணெய் தொட்டுக் கம்பி கம்பியாகத் துடைப்பேன். சந்தனம் வைப்பேன், குங்குமம் வைப்பேன், வாழைக்கன்று கட்டுவேன். விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு அண்ணன் ஏறிக்கொண்டு போவான். கன்று இரண்டும் ஆட ஆட மெயின் பஜாரை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். நான் வாசலில் நின்று பார்ப்பேன்.

நானும் ஒரு சுற்று ஓட்டட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "நீ ஏறினா சைக்கிளுக்குத் தீட்டு" என்றான். துடைக்கும்போது ஒட்டாத தீட்டு, ஏறினால் மட்டும் எப்படி ஒட்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அண்ணா, நீயும் வாசிப்பாய் என்று தெரியும். பதில் எழுது.

4

என் சைக்கிள் வந்த கதை தனி ராமாயணம். இவர் தன் ஆபீசில் சைக்கிள் வாங்க அட்வான்ஸ் கேட்டார். நான் டெம்பரரி என்பதால் எனக்குத் தர மாட்டார்கள். கடைக்காரர் தந்த விலைக் கொட்டேஷனைப் பார்த்த மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி திரும்பி வந்தது: ஆண் ஊழியருக்கு லேடீஸ் சைக்கிள் எதற்கு? இவர் ஒரு வாரம் யோசித்து, "முழங்கால் வலி, பாரைத் தாண்டிக் கால் போட முடியவில்லை" என்று எழுதினார். அடுத்த கேள்வி வந்தது: முழங்கால் வலிக்காரருக்குச் சைக்கிள் எதற்கு? கிடங்கே சிரித்தது. கடைசியில் யார் மனம் இரங்கினாரோ, அட்வான்ஸ் வந்தது. அபர்டீன் பஜாரில் வாங்கி, மர லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

ஆனால் இவர் சும்மா வாங்கித் தரவில்லை. ஓர் ஒப்பந்தம் இருந்தது.

"இந்தா பாரு, நீ சைக்கிள்ல போ, ராஜாத்தியா போ. ஆனா மல்லிகாவ ஹிந்தி செக்‌ஷன்லதான் போடுவேன். இந்த ஊர்ல ஆபீஸ், கப்பல், கடை, எல்லாம் ஹிந்தி. தமிழ் படிச்சா இவ நாளைக்கு எங்க போயி நிப்பா?"

நான் சரி என்றேன். எனக்குச் சைக்கிள் வேண்டியிருந்தது. மல்லிகா அப்போதே வீட்டில் பாதி ஹிந்திதான். சோறு போட்டால் போதும் என்பதற்கு "பஸ், பஸ்" என்பாள். தண்ணீர் கேட்டால் "பானி தே". முறைத்தால் "க்யா ஹுவா?" என்பாள், என்ன ஆச்சு என்று. பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது?

5

எங்கள் பள்ளிக்கூடம் இரண்டே அறை. ஒன்றில் ஹிந்திப் பிரிவு, ஒன்றில் தமிழ்ப் பிரிவு. போன வருஷம் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கல்லுடைக்க வந்த குடும்பங்களில் பாதி வேறு வேலைக்குப் பெயர்ந்து போய்விட்டன. முதல் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது புதிதாகச் சேராவிட்டால் தமிழ்ப் பிரிவை மூடிவிடுவதாகக் கல்வி ஆபீசர் சொன்னார். மூடினால் நானும் வீட்டுக்குத்தான். "விஜயதசமி அன்றைக்குத்தான் நாங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்போம் சார், அதுவரை பொறுங்கள்" என்று என் அரைகுறை ஹிந்தியில் கெஞ்சினேன். நல்ல மனிதர். அன்றைக்கு விடுமுறையாக இருந்தும் பத்து மணிக்குத் தானே வந்து தலை எண்ணுவதாக ஒப்புக்கொண்டார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பூவாயி என்று ஒருத்தி. கல்லுடைக்கிறவர் மனைவி. அவள் ஊம் என்றால் அந்த வரிசையே ஊம் என்னும்.

"சேத்துருவோம் டீச்சர். நீங்க ஒங்க மகள எங்க சேக்கப்போறீக?" என்றாள்.

நான் சைக்கிள் மணியை முந்தானையால் துடைத்தேன்.

"ஹிந்திலன்னு கேள்விப்பட்டேன். ஒங்க புள்ளைக்கு ஆகாத தமிழு எங்க புள்ளைக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

சுருக்கென்றது. இவரிடம் வந்து சொன்னேன். "ஒப்பந்தம் ஒப்பந்தந்தான்" என்றார். நானும் வார்த்தை கொடுத்தவள். மாற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் நான் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. அது தானாக நேர்ந்தது.

6

விஜயதசமி காலை. மறுபூஜை முடித்தேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தேன். கேரியரில் மல்லிகா, ஹிந்திப் பிரிவில் சேரப் புதுப் பாவாடையோடு. முன்னால் தொங்கிய பையில் பிள்ளைகள் எழுதப் பச்சரிசி, கொடுக்கப் பொரி, கடலை, பெரிய உருண்டையாக வெல்லம்.

"கன்ன அவுத்துட்டுப் போயேன். பாதையில மாட்டிக்கும்" என்றார் இவர்.

"மொத ஓட்டம் கன்னோடதான் போகணும். எங்க அண்ணன் அப்படித்தான் போவான்" என்றேன்.

சக் என்று எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஏறி மிதித்தேன். இரண்டு பக்கமும் வாழையிலை படபடவென்று அடிக்கிறது. கோவில்பட்டி மெயின் பஜார் முழுக்க என்னைப் பார்ப்பது போல ஒரு நினைப்பு எனக்கு! எதிரே வந்த வங்காளிப் பெண்கள் சிரித்தார்கள். நான் மணியடித்துக்கொண்டு போனேன்.

இறக்கம் முடிந்து காட்டு வளைவில் திரும்பினால், சம்பா. பின்னால் அவள் பாகன் புதன், ராஞ்சிக்காரர், பீடியும் கையுமாக. இராத்திரி மேய விட்ட யானையை ஓட்டிக்கொண்டு வருகிறார். நான் சட்டப்படியே எல்லாம் செய்தேன். மணியடிக்கவில்லை. இறங்கினேன். மேட்டுப் பக்கம் ஒதுங்கினேன். வாயை மூடினேன்.

சட்டத்தில் வாழைக்கன்று பற்றி ஒன்றும் இல்லையே!

யானை போகிற பாதையில், யானைக்கு உயிரான வாழையை, அதன் மூக்குக்கு நேராக, பொட்டு வைத்து மாலை போட்டு, தாம்பூலத் தட்டில் வைக்காத குறையாக நீட்டிக்கொண்டு நிற்கிறேன். உலகத்தில் வேறு எந்த ஜாதி ஜனம் இந்தக் காரியத்தைச் செய்யும்? சம்பா நின்றாள். தும்பிக்கையை நீட்டி வலப்பக்கக் கன்றை முகர்ந்தாள். இழுத்தாள். நான்தான் சணலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறேனே, கன்றோடு சைக்கிளும் போனது, சைக்கிளைப் பிடித்திருந்த நானும் போனேன்.

"சோட் தோ! ஸைக்கிள் சோட் தோ!" என்று புதன் கத்துகிறார். விடு, சைக்கிளை விடு என்கிறார். நானா விடுவேன்? அட்வான்ஸ் வாங்கிய சைக்கிள்!

கேரியரிலிருந்து குதித்து மேட்டில் ஏறி நின்ற மல்லிகா அலறினாள். "யம்மா! குடுத்துரும்மா! வாழக்கன்ன குடுத்துரு! நாம வேற வாங்கிக்கிடலாம்மா!"

முழுத் தமிழ்! ஒரு 'பஸ்' கிடையாது, ஒரு 'பானி' கிடையாது, கோவில்பட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி! எனக்கு அந்த நேரத்திலும், யானைக்கும் சைக்கிளுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தபோதும், உடம்பெல்லாம் புல்லரித்தது. கையை விட்டேன். தொப்பென்று உட்கார்ந்தேன்.

சம்பா நிதானமாக இரண்டு கன்றுகளையும் சாப்பிட்டாள். செம்பருத்தி மாலையையும் சேர்த்துத்தான். எழுந்து பார்த்தால் சைக்கிளின் முன்சக்கரம் கோணிக் கிடக்கிறது. உருட்டக்கூட முடியாது. அழுகை வந்துவிட்டது எனக்கு. பத்து மணிக்கு ஆபீசர் வருவார். டீச்சர் இல்லாத தமிழ்ப் பிரிவில் பூவாயி யாரைச் சேர்ப்பாள்?

மல்லிகா புதனிடம் போனாள். ஹிந்தியில் என்ன பேசினாளோ, கை காட்டிக் காட்டி, ஸ்கூல், ஆபீசர், அம்மா ரோ ரஹி ஹை என்று. அம்மா அழுகிறாளாம். புதன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"தஸ்ரா ஹை, சம்பா கி பி சுட்டி ஹை. சலோ மாஸ்டரணி" என்றார். தசராவாம், சம்பாவுக்கும் லீவாம், புறப்படு டீச்சரம்மா என்கிறார்.

ஒரு சத்தம் கொடுத்தார். மரம் தூக்குகிற மாதிரியே சம்பா என் சைக்கிளைத் தும்பிக்கையில் சுற்றித் தூக்கினாள். மல்லிகாவை மேலே ஏற்றி, தானும் ஏறி, அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டார் புதன். நான் பையை அணைத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். வெல்ல வாசனைக்குச் சம்பா எட்டி நடை போட்டாள். அன்றைக்கு மேடேறுகிறவர், இறங்குகிறவர், மாடு, எல்லாம் எனக்கு ஒதுங்கி நின்றன. பின்னால் வந்த கோயா மட்டும் யானைத் தும்பிக்கையில் என் சைக்கிளைப் பார்த்த மாத்திரத்தில் தன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தார்.

குடியிருப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வீடு வீடாகக் கொட்டினார்கள். விஜயதசமி அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் யானை வந்து நின்றால் எந்தத் தமிழச்சி வீட்டுக்குள் இருப்பாள்? குலவை போட்டுவிட்டாள் ஒருத்தி. பூவாயி தன் மகனை இழுத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார வைத்தாள். "பிள்ளையாரே நேர்ல வந்துட்டாரு டீச்சர்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார்.

ஒன்பது.

இன்னொருமுறை எண்ணினார். ஒன்பதுதான். மல்லிகா யானை மேலிருந்து இறங்கி, ஹிந்தி அறை வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பூவாயி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆபீசரும் பார்த்தார். கூப்பிட்டால் என் மகள் வந்துவிடுவாள். ஆனால் நான் கூப்பிடவில்லை. வார்த்தை வார்த்தைதான்.

அப்போது கடகடவென்று தகர டப்பாக்கள் உருண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். கோயாவின் சைக்கிள், இரண்டு பக்கமும் கேன் ஆட, அதன்மேல் இவர்! சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருக்கிறது, ஒரு காலில் செருப்பு இல்லை. "தும்ஹாரா பீவி கோ ஹாத்தி பகட் லியா", உன் மனைவியை யானை பிடித்துவிட்டது என்று கோயா போய்ச் சொல்லியிருக்கிறார்.

"இருக்கியா?" என்றார் என்னைப் பார்த்து.

"இருக்கேன்."

"மல்லிகா?"

"அங்க நிக்கா. யானையப் பாத்து பயந்துட்டா. எப்படிக் கத்துனா தெரியுமா? யம்மா குடுத்துரும்மான்னு கத்துனா."

இவர் மூச்சு வாங்கிக்கொண்டே பாயைப் பார்த்தார். ஒன்பது தலையையும் காலியாக இருந்த ஓர் இடத்தையும் பார்த்தார். கண் கலங்கியிருந்த என்னைப் பார்த்தார். விறுவிறுவென்று போய் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு வந்து, பாயில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். அவள் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் 'அ' போட்டார். சுழி கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

"ஹிந்திய அந்தப் பாகனே சொல்லிக்குடுத்துருவான். பாதை பூரா ஹிந்திதான் கெடக்கு" என்றார் என்னிடம். "தமிழ யாரு சொல்லிக்குடுப்பா? நீதான?"

"பத்து" என்று ஆபீசர் தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது என்று பிறகு தெரிந்தது.

வெளியே சம்பா என் பையைக் கண்டுபிடித்து வெல்லத்தை முடித்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் பொரியும் கடலையும் மட்டும்தான் கொடுக்க முடிந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

7

கோணிய சக்கரத்தை இவரே நிமிர்த்திக் கொடுத்தார். இன்னும் லேசாக ஆடும். அந்த ஆட்டம் எனக்குப் பழகிவிட்டது. இந்த ஒரு வருஷமாக மல்லிகா கேரியரில் உட்கார்ந்து என்னோடு தமிழ்ப் பிரிவுக்கு வருகிறாள். வளைவில் சம்பா எதிர்ப்பட்டால் ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றதும் பெருமூச்சு விடுவாள். மல்லிகா "தஸ்ராவுக்குத் தாரேன், போ" என்பாள். பாகனிடம் ஹிந்தி, யானையிடம் தமிழ். சம்பாவுக்கு இரண்டும் புரிகிறது. வாழ்க, பெர்மனென்ட் ஊழியர்.

சரி, நடுவில் எழுந்து போய் வேலையையும் பார்த்துவிட்டு வந்தேன். கொல்லையில் இன்னும் இரண்டு கன்று வெட்டி வந்து கேரியரில் வைத்தாயிற்று. ஹேண்டில்பாரில் இருப்பது சைக்கிளுக்கு, கேரியரில் இருப்பது சம்பாவுக்கு. இந்தத் தடவை சணலை ஒரே சுற்றோடு விட்டிருக்கிறேன், எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

மல்லிகா ஒரு காகிதத்தில் எதையோ பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கன்றில் கட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'இது சம்பாவுக்கு' என்று எழுதியிருந்தாள்.

"ஏட்டி, யானை இத வாசிக்குமா?" என்றேன்.

"யானைக்கு எதுக்கும்மா? புதன் மாமா வாசிப்பாரு" என்றாள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவருக்கு நாந்தான் அ, ஆ சொல்லிக்குடுத்துருக்கேன்."